பலெர்மோவில் வெறுமையாகக் கிடந்த புதன்கிழமை

நான் இத்தாலிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. செத்துப்போன என் தங்கையின் மகள் ரஞ்சினியை, அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் போனேன். அறுபத்தாறு வயதில் முதல் தரம் விமானம் ஏறினேன். எங்கே இறங்கி எங்கே மாறினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாலி இருந்த கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாப்பிள்ளையின் பெயர் தயாபரன். தயா என்று கூப்பிடுவோம். ஆறு வருஷமாகச் சிசிலித் தீவில், பலெர்மோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. சிஞ்ஞோரா என்றால் அங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. சமையல், துப்புரவு, கடைத்தெரு எல்லாம் அவன்தான். போன வருஷம்தான் அவனுக்கு அங்கே இருப்பதற்கான பத்திரம் கிடைத்தது. அதனால்தான் துணிந்து கலியாணம் பேசினோம். இது தொண்ணூற்றோராம் ஆண்டு. அப்போது ஊரில் யுத்தத்துக்குள் நாங்கள் இருந்த இருப்பை எழுதப்போனால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். பிள்ளையை ஒரு பாதுகாப்பான இடத்தில் விடவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

முதல் நாள் கண்ணில் பட்டது மலையும் கடலும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்க, நடுவில் கிடைத்த இடத்தில் ஊர். தயா இருந்தது சீசா என்ற பகுதியில், நாலாம் மாடி. ஏறி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாய்க்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து படிக்கட்டில் வைத்து என்னை இருத்தினாள். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் பார்த்தேன். மேல்மாடிப் பெண்கள் கடைக்கு இறங்குவதில்லை. கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார்கள். கடைக்காரன் பாண்ரொட்டியையோ தக்காளியையோ வைத்துவிட்டு ஒரு சத்தம் போடுவான், கூடை மேலே போகும். எங்களூரில் கிணற்றில் வாளி இறக்குவது போலத்தான். இங்கே தண்ணீருக்குப் பதில் பாண் ஏறியது.

இரண்டாம் நாள் சாப்பாடு. கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சி, துண்டு துண்டாக வெட்டி, எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். முதல் கடியிலேயே இது எங்கள் வகை என்று தெரிந்தது. ஒரு பச்சைமிளகாய் வெட்டிப் போட்டிருந்தால் அப்பழுக்கில்லை. கத்தரிக்காயைப் பொரித்து புளிப்பு வினாகிரியும் சீனியும் விட்டு ஒன்று செய்கிறார்கள், அதுவும் நல்லது. பக்கத்து வண்டியில் மாட்டின் மண்ணீரலைக் கொழுப்பில் வாட்டிப் பாணுக்குள் வைத்து விற்றார்கள். தயா எனக்கு அதைக் காட்டாமல் மறைத்துக்கொண்டு நின்றான். மூக்கை மறைக்க அவனால் முடியவில்லை.

மூன்றாம் நாள் குவெஸ்தூராவுக்குப் போனோம். வெளிநாட்டாருக்குப் பத்திரம் கொடுக்கிற பொலிஸ் கந்தோர் அது. போகிற வழியில் பஸ்ஸில் நானும் ரஞ்சினியும் ஏறிவிட்டோம். தயா காலை வைக்க முன்னம் கதவு சாத்திக்கொண்டது. பஸ் போகிறது, அவன் பின்னால் ஓடிவருகிறான். ரஞ்சினி அழத் தொடங்கினாள். அடுத்த கணம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சாரதியை ஏசத் தொடங்கினார்கள். கைத்தடி வைத்திருந்த ஒரு கிழவர் தடியால் பஸ் கூரையில் அடித்தார். சாரதி நடுத்தெருவில் நிறுத்தினான். தயா ஏறியதும் அவனையும் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

"என்னடா தம்பி சொல்லுகினம்?" என்று கேட்டேன்.

"பொம்பிளையளைத் தனிய விட்டிட்டு எங்கை வாய் பாத்துக்கொண்டு நிண்டனி எண்டு ஏசுகினம் மாமி."

நல்ல சனம் என்று அப்போதே நினைத்தேன்.

குவெஸ்தூராவில் சொன்னது இதுதான். ரஞ்சினியின் விசா வருகிற கிழமை கழிந்து அடுத்த திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்குள் கலியாணம் பதிந்த தாளைக் கொண்டுவந்தால் அவள் தயாவோடு இருக்கலாம். கொண்டுவராவிட்டால் திரும்பிப் போகவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டு தரம் சொன்னான்.

அங்கிருந்து நேரே பதிவுக் கந்தோர். மேசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். நாட்டின் வடக்கிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தவளாம். கலியாணப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, வருகிற செவ்வாய் பதினொரு மணிக்கு ஒரு இடம் இருக்கிறது என்றாள். தயா ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டான். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன்.

"தம்பி, செவ்வாயோ வெறுவாயோ எண்டு சொல்லுவினம். அதோடை அண்டைக்கு அமாவாசை. ஏலாது எண்டு சொல்லு."

"மாமி, இஞ்சை உதெல்லாம் பாக்கேலாது. கிடைச்ச நாளை விட்டால் பிறகு கஷ்டம்."

"தாய் இல்லாத பிள்ளை. அமாவாசைச் செவ்வாயிலை கழுத்தை நீட்டச் சொல்லி நான் நிக்கமாட்டன்."

அவன் பெருமூச்சு விட்டு அந்தப் பெண்ணிடம் கதைத்தான். அவள் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். செவ்வாய்க்கு அடுத்த பக்கம் புதன். ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு ஆனி மாதம் வரை நெருக்கி எழுதியிருந்தார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். வைகாசி பிறக்கிற நாள், வளர்பிறை, ரோகிணி. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது. மத்தியானம் பன்னிரண்டுக்கு இராகுகாலம், அதற்கு முன் பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஊர்ப் பஞ்சாங்கத்து நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் கழிக்கவேண்டாமோ என்று தயா கேட்டான். சூரியன் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர் நேரம்தான் நேரம் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

எனக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. மற்றச் சனமெல்லாம் அடிபட்டு இடம் பிடித்த புத்தகத்தில் அந்த ஒரு புதன் மட்டும் ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த வடக்குப் பிள்ளையும் யோசிக்கவில்லை.

அது தெரியவந்தது செவ்வாய் பின்னேரம். சிஞ்ஞோரா எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தா. என்னைவிடப் பத்து வயது மூப்பு, நெட்டை, குரல் கணீரென்று இருக்கும். எனக்கு அவவின் மொழி தெரியாது, அவவுக்கு என் மொழி தெரியாது. ஆனாலும் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தி, தன் செத்துப்போன புருஷனின் படத்தைக் காட்டினா. நான் என் அவரின் படத்தைக் கைப்பைக்குள் இருந்து எடுத்துக் காட்டினேன். அதோடு நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம்.

அந்த மாடிக்கட்டிடத்தின் காவற்காரர் நினோ. குட்டையான, சிரித்த முகம். கலியாணத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று சிஞ்ஞோரா, மற்றது நினோ என்று ஏற்கெனவே பேசியிருந்தது. அவர் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாளைக்கு நான் வாசலிலை இருக்கமாட்டன் சிஞ்ஞோரா. நாளைக்கு எங்கடை நாள்," என்றார். தயா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஆற்றை நாள்?" என்றா சிஞ்ஞோரா.

"சிசிலியின்ரை நாள். ரோமாபுரி எங்களுக்கு எங்கடை பாராளுமன்றத்தைத் தந்த நாள்."

"தந்தது பாராளுமன்றம் இல்லை நினோ, ஒரு கூட்டம் பேருக்குக் கதிரை. அதுக்கு ஒரு பெருநாள் வேறை. உன்ரை குழாயிலை தண்ணி வருதோ?"

"கிழமையிலை ரெண்டு நாள் வருது."

"பாத்தியோ."

"தண்ணி வராட்டிலும் குழாய் எங்கடை, சிஞ்ஞோரா."

தயா எனக்கு விளக்கினான். பெரிய யுத்தம் முடிந்த காலத்தில் இந்தத் தீவு தனிநாடாகவேண்டும் என்று ஒரு கூட்டம் மலையில் ஏறி நின்றதாம். கடைசியில் பிரிவினை இல்லை, ஆனால் தீவுக்கென்று சொந்த ஆட்சி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அந்த நாள்தான் நாளைக்கு. பள்ளிக்கூடம் இல்லை, தீவு அரசின் கந்தோர்கள் இல்லை. மற்றதுகள் திறப்பதும் பூட்டுவதும் அவரவர் நம்பிக்கைப்படி. சிலருக்கு அது திருநாள், சிலருக்கு வெறும் புதன்.

"ஆரும் செத்தவையோ?" என்று நினோவிடம் கேட்கச் சொன்னேன்.

"கொஞ்சப் பேர்," என்றார் நினோ. "முந்தி. இப்ப வாய்ச்சண்டை மட்டும்."

நான் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். கேட்டது கிடைத்து, கிடைத்தது போதுமா போதாதா என்று கோப்பிக் கோப்பையோடு இருந்து சண்டை பிடிக்கிற சனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொறாமை என்று சொல்லமாட்டேன். வயிறு நிறைந்தவன் சோற்றைக் குறை சொல்வது காதுக்கு இனிமையாகவும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது தயாவின் முகம் வெளுத்ததைக் கண்டேன்.

"நினோ," என்றான், "நாளைக்கெல்லோ எங்கடை கலியாணம். நீங்கள் சாட்சி."

"நீ புதன் எண்டாய்."

"நாளைக்குப் புதன்தான்."

நினோ தலையில் கைவைத்தார். "எனக்கு உன்ரை கலியாணம் புதன்கிழமை, பெருநாள் பதினைஞ்சாம் திகதி. ரெண்டும் ஒரே நாள் எண்டு என்ரை மண்டைக்குள்ளை சந்திக்கேல்லை."

பதிவுக் கந்தோர் பூட்டு என்றார் நினோ. அது நகரத்துக் கந்தோர், தீவு அரசுக்கும் அதற்கும் என்ன, கட்டாயம் திறக்கும் என்றா சிஞ்ஞோரா. இருவரும் சத்தியம் செய்தார்கள். ரஞ்சினி என்னைப் பார்க்கவில்லை. குற்றம் சொல்லத் தெரியாத பிள்ளை. அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். வந்த இடத்தை நானே என் கையால் பறித்துவிட்டேனோ என்று அன்று படுத்தும் கண் மூடவில்லை.

விடிந்தது. ரஞ்சினிக்குக் கூறைச் சேலையை உடுத்திவிட்டேன். சிஞ்ஞோராவும் நினோவும் சாட்சிக்கு எங்களோடு வந்தார்கள். தெருவில் ஒரு கடை திறந்து, ஒரு கடை பூட்டி. ஒரு பலசரக்குக் கடைக்காரன் இரும்புக் கதவைச் சரிபாதியில் நிறுத்தியிருந்தான். குனிந்து போய்க் குனிந்து வந்தார்கள்.

"இவர் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வாடிக்கையாளரின்ரை பக்கம்," என்றான் தயா. அவனுக்குச் சிரிப்பு வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பதிவுக் கந்தோரின் பெரிய கதவும் பாதிதான் திறந்திருந்தது. உள்ளே வாயிற்காவலன் ஒருவனும் அந்த வடக்குப் பிள்ளையும்தான். வேறு ஈ காக்கை இல்லை. இன்றைக்கு இப்படி ஒரு நாள் என்று தனக்கு யாருமே சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளை அழுகிற நிலையில் நின்றாள். புத்தகம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கலியாணத்தைச் செய்துவைத்துக் கையெழுத்திடுகிற அதிகாரி வரவில்லை. மொழிபெயர்ப்புக்கென்று பகேரியாவிலிருந்து விடிய ரயிலேறி வந்த மன்னார் ஆள் மரியதாஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தார்.

"அதிகாரி ஆர்?" என்று நினோ கேட்டார். பெயரைச் சொன்னாள். நினோ கையை விரித்தார். "தோன் சால்வோவோ. யேசு பிறந்த நத்தாருக்கு வேலைக்கு வந்தாலும் வருவார், இண்டைக்கு வரமாட்டார். வருஷா வருஷம் இந்த நாளிலை சியாகுல்லியிலை தன்ரை தோட்டத்திலை கொடி கட்டிச் சாப்பிடுறவர்."

"அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வா," என்றா சிஞ்ஞோரா. தான் ஒரு கதிரையை இழுத்து அந்தப் பாதித் திறந்த கதவின் நடுவில் போட்டு இருந்துகொண்டா. "நான் இருக்குமட்டும் இதை ஆரும் பூட்டட்டும் பாப்பம்."

சியாகுல்லிக்குப் போகிற பஸ் அன்றைக்கு வருமா என்பதும் நம்பிக்கையைப் பொறுத்த விஷயமாக இருந்தது. ரஞ்சினியைச் சிஞ்ஞோராவோடு விட்டுவிட்டு அரை மணித்தியாலம் நின்றோம், வரவில்லை. நினோ ஓடிப்போய்த் தன் மச்சானின் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று சில்லு, முன்னால் ஒருவர் இருக்கிற கூடு, பின்னால் மரக்கறி ஏற்றுகிற பெட்டி. எங்களூர் ஓட்டோவுக்கும் லொறிக்கும் பிறந்த பிள்ளை போல இருந்தது. ஒருவர் இருக்கிற கூட்டுக்குள் நானும் நினோவும். கலியாண உடுப்போடு தயா பின்பெட்டியில் முட்டைக்கோவா இலைகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. நினோ இறங்கி அதை இரண்டு உதை உதைத்தார். தயா தள்ளினான். அவனுடைய வெள்ளைச் சட்டையின் கையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க்கறை. இதெல்லாம் என்னால் வந்தது.

தோட்டம் வந்தது. மரமெல்லாம் சிறிய தோடை மரம் போல, மந்தரின் என்று சொல்கிற சின்ன ஆரஞ்சுப் பழ மரம். பூ முடிகிற காலம், ஆனாலும் வாசம் மூக்கை நிறைத்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாய்க் கொடி. அதில் ஒரு பெண் முகம், அதைச் சுற்றி மூன்று கால். கீழே மேசை போட்டு நாலைந்து வயதானவர்கள் பச்சை அவரைக்கொட்டையை உரித்துச் சீஸோடு சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் இருந்த வெள்ளை மீசைக்காரர்தான் தோன் சால்வோ. தோன் என்றால் அங்கே ஐயா என்கிற மரியாதை.

நினோ சொன்னதைக் கேட்டார். மீசையைத் தடவினார். பிறகு தலையை ஆட்டினார். "இருபது வருஷம் அந்த மேசையிலை இருக்கிறன். இந்த நாளிலை ஒரு தாளிலை பேனை வைச்சதில்லை. நாங்களே வேலை செய்தால் பிறகு இது பெருநாள் எண்டு ஆர் நம்புவினம்? உன்ரை சிஞ்ஞோரா போல ஆக்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பினம்."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் ஒரு சொல் இருந்தது, அதைக் காப்பாற்ற நின்றார். செவ்வாயை மாட்டேன் என்று நின்ற எனக்கு அது விளங்காதா.

என்னை இருக்கச் சொல்லி அவரைக்கொட்டையை என் பக்கம் தள்ளினார். எந்த நாடு என்று கேட்டார்.

"நாங்களும் தீவுதான்," என்றேன். தயா அவர்கள் மொழியில் மாற்றிச் சொன்னான்.

"உங்களுக்கும் இப்பிடி ஒரு நாள் இருக்கோ?"

"இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறம்."

மேசையில் இருந்தவர்கள் உரிப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் எழும்பி என் கிளாஸுக்குத் தண்ணீர் விட்டார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. அதற்கு நான் அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

தோன் சால்வோ கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அப்ப இந்த நாளை நீங்கள் தெரிஞ்சுதான் எடுத்தனீங்களோ? எங்கடை நாள் எண்டு?"

நினோ மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். தயா என் காதுக்குள், "மாமி, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு," என்றான்.

நான் பொய் சொல்லாதவள் அல்ல. சோதனைச் சாவடிகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு மனுஷன் நம்பிக்கையோடு கொடி கட்டியிருக்கிற இடத்தில் இருந்து, அவருடைய சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை.

"இல்லை ஐயா. உங்கடை நாளைப் பற்றி எனக்கு நேற்றுப் பின்னேரம்தான் தெரியும். எங்கடை பஞ்சாங்கத்திலை இந்த மாதம் இதைவிட நல்ல நாள் இல்லை எண்டு கிடந்தது. அதுதான் செவ்வாயை விட்டிட்டு இதைக் கேட்டு எடுத்தனான். பிழை என்னிலை. பெருநாள் எண்டால் உங்கடை ஊரிலை வேலை நிப்பாட்டுவியள். எங்கடை ஊரிலை அண்டைக்குத்தான் தாலி கட்டுவம்."

தயா அதை அப்படியே மாற்றிச் சொன்னான். தோன் சால்வோ மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்குள் பலமாகக் கதை நடந்தது. ஏழு கடலுக்கு அப்பால் இருந்து ஒரு புத்தகம் இந்த நாளை நல்ல நாள் என்கிறது, எங்கள் ஊர்ச் சனம் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது என்று ஒருவர் சொன்னாராம். இன்னொருவர், கலியாணம் வேலையில்லை, விருந்து என்றாராம்.

தோன் சால்வோ எழும்பிக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "நான் வேலைக்கு வரேல்லை. கலியாண வீட்டுக்கு வாறன். அங்கை என்ரை கை என்ன செய்தாலும் அது அதின்ரை பாடு."

அவருக்குக் கார் இருந்தது. நான் அதில் முன்னால் ஏறினேன். தயாவை ஏற்றிக்கொண்டு நினோவின் வண்டி கைவிடாமல் பின்னால் வந்தது.

வாசலில் சிஞ்ஞோரா அதே கதிரையில் இருந்தா. "வேலைக்கு வந்தியளோ, தோன் சால்வோ?"

"வேலைக்கில்லை சிஞ்ஞோரா. கலியாணத்துக்கு."

"ரெண்டும் ஒரே மேசையிலைதான் நடக்கும். உள்ளை வாங்கோ."

உள்ளே போய்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தைந்து. இராகுகாலம் தொடங்கிவிட்டது. ஒன்றரைக்குத்தான் முடியும். கந்தோரை ஒரு மணிக்குப் பூட்டவேண்டும் என்று காவலன் திறப்போடு நின்றான். வாங்கில் இருந்துவிட்டேன். அதிகாரி மேசையில் முத்திரையை எடுத்து வைத்துவிட்டார், எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள், நான் மட்டும் இருக்கிறேன். தயாவுக்குக் காரணம் தெரியும். ரஞ்சினி வந்து என் காலடியில் குந்தினாள்.

"பெரியம்மா, நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம். நான் உங்களோடை திரும்பி வாறன்."

எழும்புகிறேன், நடக்கிறது நடக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தோன் சால்வோ என்ன தாமதம் என்று கேட்டார். மரியதாஸ் சொன்னார், மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் இவர்களுக்கு ஆகாத நேரம் என்று.

"பன்னிரண்டு ஆகேல்லையே," என்று தன் கையை நீட்டினார். அவருடைய மணிக்கூட்டில் பதினொன்று இருபத்தைந்து.

சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினா. கோடைகாலத்தில் அந்த நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைப்பார்களாம். அது ரோமாபுரியின் கட்டளை. தோன் சால்வோ அதை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. வேலைக்கு வரும்போது மனதுக்குள் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டு வருவாராம், கையில் கட்டியிருப்பதைத் திருப்பமாட்டாராம்.

"சூரியனுக்கு ரோமாபுரி சம்பளம் குடுக்கிறேல்லை," என்றார் அவர்.

நான் நம்பவில்லை. எனக்காகச் சொல்கிறாரோ என்று எழும்பி முற்றத்துக்குப் போனேன். ஒரு கிழமையாக அந்த ஊரில் சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியும். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சூரியன் இன்னும் கிழக்குப் பக்கம்தான் நின்றது. உச்சிக்கு ஏற நேரம் இருந்தது.

உள்ளே வந்து, "எழும்பு பிள்ளை," என்றேன்.

தோன் சால்வோ இத்தாலி நாட்டின் மூவர்ணப் பட்டியைத் தோளில் போடவேண்டும், அது சட்டம். இன்றைக்கென்று பார்த்து அதைப் போடுகிறீர்களே என்று சிஞ்ஞோரா கேட்டா. அவர் பட்டியை இழுத்து நேராக்கினார். சட்டத்தை வாசித்தார், மரியதாஸ் தமிழில் சொன்னார். ரஞ்சினி ஓம் என்றாள். தயா இரண்டு தரம் ஓம் என்றான். கையெழுத்துகள் விழுந்தன. நேரம் எழுதுகிற இடம் வந்ததும் தோன் சால்வோ கசாயம் குடிக்கிறவர் முகத்தோடு பன்னிரண்டே முக்கால் என்று ரோமாபுரி நேரத்தை எழுதினார். அந்த மேசைக்கு முன்னாலேயே, அவருடைய நேரத்தில், தயா தாலியைக் கட்டினான். நான் அறுகரிசியைக் கையில் எடுத்தபோது சிஞ்ஞோரா தன் பைக்குள் இருந்து ஒரு கைபிடி அரிசி எடுத்தா. அங்கேயும் கலியாணத்துக்கு அரிசி எறிகிற வழக்கமாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு எறிந்தோம். வடக்குப் பிள்ளை அழுதாள், இந்தமுறை நல்ல அழுகை.

சிஞ்ஞோரா வீட்டில்தான் சாப்பாடு. நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் வைத்தேன். நினோவும் தோன் சால்வோவும் கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள், பிறகு கொஞ்ச நேரம் காது சிவக்கச் சாப்பிட்டார்கள். பருப்புக்கு மேல் மறுபடியும் அந்தச் சண்டை தொடங்கியது. பாராளுமன்றம், கதிரை, குழாய், தண்ணீர். இடையில் சிஞ்ஞோரா தோன் சால்வோவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டா. அவர் அதையும் சாப்பிட்டுக்கொண்டு மறுத்துக் கதைத்தார்.

வெள்ளிக்கிழமை தாளைக் கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனோம். அவள் இருக்கலாம் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் இந்தமுறை ஒரு தரம்தான் சொன்னான்.

அடுத்த கிழமை நான் திரும்பினேன். கூடையில் பாண் ஏறுகிற தெருவில், நாலாம் மாடிப் பலகணியில் ரஞ்சினி நின்று கை காட்டினாள். பக்கத்தில் எதிர்வீட்டுப் பெண்ணும் நின்று கை காட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தரம் பார்த்தேன்.

விசா எடுப்பதற்காக ஊரிலேயே ரஞ்சினிக்கும் எனக்கும் திரும்பிவருகிற இடம் பதிந்திருந்தோம். அதனால் விமானத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக வந்தது. கொழும்புக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெடியன் இடம் தேடி வந்து நின்று, "அம்மா, இது ஆற்றை இடம்? வருவினமோ?" என்று கேட்டான்.

"என்ரை மகளின்ரை இடம்," என்றேன். "அவள் வரமாட்டாள். வீட்டிலை நிக்கிறாள். நீர் இரும்."